தீபாவளிக்கு ரெசின் பலகை செய்யும் தங்கச்சிக்கு

தங்கச்சி, பலகாரம் பரிமாற மரமும் ரெசினும் சேர்ந்த பலகை செய்து தீபாவளிக்குக் கொடுக்கப்போகிறாய் என்றால், முதலில் மரத்தைப் பார். ஜோகூரில் இருந்துகொண்டு வால்நட் கட்டைக்குக் காசைக் கொட்டாதே. மூவார் தளவாடத் தொழிற்சாலைகள் நம் மாநிலத்தில்தானே இருக்கின்றன! அங்கே அதிகம் புழங்குவது ரப்பர் மரம். லாபிஸ், குளுவாங் தோட்டங்களில் நம் பாட்டிமார் பால் வெட்டிய அதே மரம். 25, 30 வயதில் பால் குறைந்ததும் சாய்த்துவிடுவார்கள். முன்பெல்லாம் அது விறகுக்குத்தான் போகும். நம் வீட்டுப் பரிசுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கவனி. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் ஏறும். அதற்காகப் போரான் மருந்து ஏற்றுவார்கள். உணவு வைக்கும் பலகைக்கு என்று சொல்லி, மருந்து ஏற்றாமல் சூளையில் உலர்த்தியது கேள். கிடைக்காவிட்டால் வாழையிலை விரித்துத்தான் பலகாரம் வைக்க வேண்டும். ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ரெசினைக் கைப்பிடிப் பக்கம் மட்டும் ஊற்று. முறுக்கும் நெய் உருண்டையும் மரத்தின் மேல் இருக்கட்டும். நடுவில் நீல ரெசின் ஆறுபோல ஓடுவது படத்துக்கு அழகு, சாப்பாட்டுக்கு அல்ல.

ரெசின் அளவு சுலபம்: ஊற்றும் இடத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கினால் மில்லிலிட்டர். 18, 6, 2 என்றால் 216. பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள். கலவை விகிதம் எடையா கொள்ளளவா என்று டப்பாவில் பார்த்துக்கொள். ஓரமும் அடியும் வழித்து நிதானமாகக் கலக்கி, வேறு கப்பில் மாற்றி மறுபடி கலக்கு. மரத்தின் ஓரத்தில் முதலில் மெல்லிய பூச்சு கொடுத்துக் காயவிட்டால் குமிழி அடங்கும்.

நம் ஊரில் பெரிய எதிரி காற்றின் ஈரம். மழை நாளில் திறந்த ஐந்தடியில் ஊற்றினால் மேலே பிசுபிசுப்பான படலம் படியும். ஏர்கோன் அறையில் ஊற்று, ஆனால் அங்கே யாரும் படுக்கக் கூடாது. படலம் வந்துவிட்டால் தேய்ப்பதற்கு முன்பே சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போட்டுக் கழுவு. நைட்ரைல் கையுறை கட்டாயம். ரெசின் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது. தேய்க்கும்போது முகக்கவசம் போடு.

மரத்துக்கு எண்ணெய் பூசுவது கடைசியில்தான், எண்ணெய் பட்ட மரத்தில் ரெசின் ஒட்டாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும். உணவுத் தர மினரல் ஆயில் தடவு.

ரெசின் கெட்டியானதும் முழுதாக இறுகிவிட்டது என்று நினைக்காதே. பல ரெசின்களுக்கு முழுதாக இறுக ஒரு வாரம், சிலவற்றுக்கு ஒரு மாதம். அதனால் தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே ஊற்றிவிடு. பரிசோடு ஒரு சீட்டும் வை: கத்தி போடாதீர்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை வைக்காதீர்கள். சாதாரண ரெசின் 60 டிகிரிக்குள்ளேயே இளகும்.