கோவளம் ட்ரிப்பில் வீகன் சாப்பாடு: ‘வீகன்’ என்ற பெயருக்கு எக்ஸ்ட்ரா காசு கொடுக்காமல் சாப்பிடுவது எப்படி?



சம்பளம் வந்த முதல் வாரம், சனிக்கிழமை காலை, தாம்பரத்திலிருந்து நாலைந்து பேர் கிளம்பினால் முதலில் வரும் பெயர் கோவளம். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் சிட்டி டிராஃபிக்கில் மாட்டாமல் நேராக ஈசிஆர். 2021-ல் நீலக்கொடி சான்று வாங்கிய கடற்கரை, சர்ஃபிங் வகுப்பு, பக்கத்திலேயே முட்டுக்காடு போட்டிங். ஒரு நாள் அவுட்டிங்குக்கு வேறென்ன வேணும்?

ஒரே ஒரு விஷயம். கோவளம் அடிப்படையில் மீனவ ஊர். அங்கே சாப்பாடு என்றாலே மீன் வறுவல், இறால், நண்டு. உங்கள் கேங்கில் ஒருவர் வீகன் என்றால், அதாவது கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எதுவும் சேர்க்காதவர் என்றால், அவருக்கு வழக்கமாக மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்று, சிப்ஸ் சாப்பிட்டு பட்டினி. இரண்டு, ‘பரவாயில்ல, இன்னைக்கு ஒரு நாள்தானே’ என்று கொள்கையை விடுவது. மூன்று, கூகுளில் தேடி, ‘வீகன்’ என்று மெனுவில் போட்டிருக்கும் இடத்துக்குப் போய் ரெண்டு மடங்கு பில் கட்டுவது.

மூன்றும் தேவையில்லை. இன்றைய பாடத்தின் சாரம் ஒரே வரிதான்: வீகன் ஹோட்டலைத் தேடாதீங்க, சரியான கேள்வியைக் கேளுங்க. நம்ம ஊர் டிபனில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வீகன்தான். அதுக்கு அந்தப் பெயர் இல்லை, அதனால்தான் விலையும் குறைவு.

பகுதி 1: மெனுவை பேலன்ஸ் ஷீட் மாதிரி படிங்க

பேலன்ஸ் ஷீட்டில் தலைப்பை மட்டும் பார்த்து முடிவு பண்ண மாட்டோம், உள்ளே என்ன இருக்கு என்று பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். ஈசிஆரிலோ கேளம்பாக்கத்திலோ இருக்கும் எந்த சைவ ஹோட்டலுக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும்.

பயப்படாமல் ஆர்டர் பண்ணலாம்: இட்லி, மெதுவடை, தேங்காய் சட்னி, வடகறி, தேங்காய்ப் பாலோடு ஆப்பம் அல்லது இடியாப்பம், புளியோதரை, எலுமிச்சை சாதம், சுண்டல்.

கேட்டுவிட்டு ஆர்டர் பண்ணணும்: தோசை (நெய்யா, எண்ணெயா?), சாம்பார் இட்லி (மேலே நெய் ஊத்துவாங்க), ரவா தோசை (சில இடங்களில் மோர் சேர்ப்பாங்க), ரசம் (நெய்யில் தாளிப்பு), பரோட்டா (மாவில் முட்டை அல்லது பால் இருக்கலாம்), குருமா (தயிர்), கூழ் (மோர் கலக்காமல் தரச் சொல்லலாம்).

தொடவே வேண்டாம்: வெண்பொங்கல், கேசரி, அவியல், மோர்க்குழம்பு, பால் பாயசம், நான், பன்னீர் எதுவாக இருந்தாலும்.

இப்போ கேள்வி. சர்வரிடம் ‘இது வீகனா?’ என்று கேட்டால், ‘ஆமா சார், ப்யூர் வெஜ்தான்’ என்றுதான் பதில் வரும். அவர் மேல் தப்பில்லை. சைவம் என்றால் பாலும் நெய்யும் சேர்ந்ததுதான் என்பது நம்ம ஊர்ப் பழக்கம். அதனால் பொருளைச் சொல்லிக் கேளுங்க:

‘அண்ணா, தோசை எண்ணெயில போட்டுக் கொடுங்க, நெய், வெண்ணெய் எதுவும் வேணாம். சாம்பார்ல நெய் விட்டிருக்கா?’

அவ்வளவுதான். ‘நெய் ஒத்துக்காது’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் மாஸ்டர் வரைக்கும் செய்தி சரியாகப் போகும்.

மதியம் மீல்ஸ் என்றால் இலை போட்டதும் முதலிலேயே சொல்லிடுங்க. பருப்பு வைத்த கையோடு நெய் கரண்டி வந்துவிடும், அப்புறம் தடுக்க முடியாது. சாதம், சாம்பார், வத்தக்குழம்பு, பொரியல், அப்பளம் போதுமே. தயிர், மோர், பாயசம் வேண்டாம் என்பதற்காக விலையைக் குறைக்க மாட்டாங்க. பதிலுக்கு இன்னொரு கப் பொரியல் கேளுங்க, பெரும்பாலும் தருவாங்க. கொடுத்த காசுக்கு மதிப்பு கிடைச்சாச்சு.

கடற்கரையில்? தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், வேர்க்கடலை, இளநீர், நுங்கு சீசனில் நுங்கு. காலை சர்ஃபிங் முடிச்சு பசியோடு வரும்போது சுண்டலும் கடலை மிட்டாயும் நல்ல புரதம். பஜ்ஜி, வடை மட்டும் கவனம்: மீன் பொரிக்கும் அதே எண்ணெயிலேயே போடும் கடைகள் உண்டு. ‘அக்கா, இந்த எண்ணெயில மீன் போடுவீங்களா?’ என்று கேட்டுடுங்க. டீ, காபிக்குப் பதில் சுக்கு காபி, நன்னாரி சர்பத்.

பக்கத்திலேயே திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில் இருக்கு. போனால், எந்த ஊர்ப் பெருமாள் கோயிலுக்கும் பொதுவான விதி இதுதான்: புளியோதரை பெரும்பாலும் நல்லெண்ணெயில் செய்வது, சர்க்கரைப் பொங்கலில் நெய் நிச்சயம்.

பகுதி 2: பச்சைப் புள்ளி வேறு, வீகன் குறி வேறு

கேளம்பாக்கம் சூப்பர் மார்க்கெட்டில் நிறுத்தி ஸ்நாக்ஸ் வாங்குறீங்களா? பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம், அவ்வளவுதான். பால் பவுடர், தேன், நெய் எல்லாம் உள்ளே இருக்கலாம். வீகனுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிமுறையே கொண்டு வந்தது. அந்தக் குறி பச்சைக் கட்டத்துக்குள் இலையோடு இருக்கும் ஆங்கில ‘வி’ எழுத்து.

ஆனால் அந்தக் குறி இல்லாத கடலை மிட்டாயும் வீகனாக இருக்கலாம். குறிக்கு ஒப்புதல் வாங்க செலவு உண்டு, சின்ன கம்பெனிகள் வாங்காமல் விட்டிருக்கலாம். பொருட்கள் பட்டியலைப் படிப்பது இலவசம்.

டீக்கு சோயா பால் பாக்கெட் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். முன்பு சோயா பாலுக்கு 12%, பாதாம், ஓட்ஸ் போன்ற மற்ற தாவரப் பால் பானங்களுக்கு 18% ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 5%. பழைய எம்ஆர்பி ஞாபகத்தில் ‘விலை ஜாஸ்தி’ என்று விட்டவர்கள் இப்போ ஒரு தடவை பாருங்க.

பகுதி 3: பில்லில் எங்கே காசு போகுது?

ஒரே இட்லி, ஒரே தோசை, நாலு வகை இடம், நாலு வகை பில்.

1. சின்ன டிபன் கடை. ஜிஎஸ்டி பதிவே தேவைப்படாத அளவு வியாபாரம், அல்லது காம்போசிஷன் திட்டம். இவங்க வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கக் கூடாது. பில்லில் ‘காம்போசிஷன்’ என்று போட்டுவிட்டு 5% சேர்த்திருந்தால் கேள்வி கேளுங்க.

2. சாதாரண ஹோட்டல், கஃபே. ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5%.

3. பெரிய ரிசார்ட்டுக்குள் இருக்கும் உணவகம். அந்த ஹோட்டல் முந்தைய நிதியாண்டில் ஒரு அறைக்காவது நாளுக்கு ரூ.7,500-க்கு மேல் வாடகை வாங்கியிருந்தால், சாப்பாட்டுக்கு 18%. ரூ.1,000 சாப்பாடு ரூ.1,180 ஆகும்.

4. டெலிவரி ஆப். சாப்பாட்டுக்கு 5%, டெலிவரி கட்டணத்துக்கும் பிளாட்ஃபார்ம் கட்டணத்துக்கும் 18%. உதாரணக் கணக்கு: சாப்பாடு ரூ.200, வரி ரூ.10. டெலிவரி ரூ.40, வரி ரூ.7.20. பிளாட்ஃபார்ம் ரூ.12, வரி ரூ.2.16. மொத்தம் ரூ.271.36. ரூ.200 சாப்பாட்டுக்கு ரூ.71 கூடுதல், அதாவது 35%-க்கு மேல்! ஈசிஆர் வரைக்கும் போய்விட்டு ரூமில் உட்கார்ந்து ஆர்டர் பண்ணணுமா, யோசிங்க.

இன்னொன்று, சர்வீஸ் சார்ஜ். இது வரி இல்லை, டிப்ஸ் மாதிரி. ரூ.1,000 பில்லில் 10% சர்வீஸ் சார்ஜ் சேர்த்து, ரூ.1,100-க்கு 5% ஜிஎஸ்டி போட்டால் ரூ.1,155. இல்லாவிட்டால் ரூ.1,050. ரூ.105 வித்தியாசம். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. அது செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ‘இதை எடுத்துடுங்க’ என்று மரியாதையாகச் சொல்லுங்க. எடுக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சர்வர் நல்லா கவனித்திருந்தால் டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்க.

பகுதி 4: பெரிய ஓட்டை எது தெரியுமா? சமமா பிரிக்கிறது

வரி, சார்ஜ் எல்லாம் சின்னது. வீகன் நண்பரின் பர்ஸில் பெரிய ஓட்டை இதுதான்.

ஐந்து பேர். நாலு பேருடைய மீன், இறால், நண்டு சேர்த்து ரூ.4,500 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது ஆள் சாப்பிட்டது ரூ.300. மொத்தம் ரூ.4,800, ஜிஎஸ்டி ரூ.240, ஆக ரூ.5,040. ‘மச்சி, ஆளுக்கு ரூ.1,008 ஜிபே பண்ணு!’

அவருடைய நியாயமான பங்கு ரூ.315. கூடுதலாகக் கட்டியது ரூ.693. மாதம் ஒரு அவுட்டிங் என்றால் வருஷத்துக்கு ரூ.8,316. அடுத்தவர் சாப்பிட்ட இறாலுக்கு!

வாயைத் திறந்து கேட்கக் கூச்சம், அதனால் பலர் பேசாமல் கட்டிவிடுகிறார்கள். சிலர் அடுத்த ட்ரிப்புக்கு ‘வேலை இருக்கு’ என்று சொல்லி வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். காசை விட அதுதான் பெரிய நஷ்டம்.

தீர்வு ரொம்ப சிம்பிள். பில் வந்த பிறகு பேசினால் கஞ்சத்தனம் மாதிரித் தெரியும். ஆர்டருக்கு முன்னாடியே பேசினால் அது ஏற்பாடு. உட்கார்ந்ததும் சர்வரிடம், ‘அண்ணா, ரெண்டு பில்லா போடுங்க. மீன் ஐட்டம் எல்லாம் ஒண்ணு, இது தனி’ என்று சொல்லிடுங்க. கார், பெட்ரோல், ரூம் வாடகை எல்லாம் சமமாகப் பிரியுங்க. சாப்பாடு மட்டும் அவரவர் சாப்பிட்டது.

மீன் சாப்பிடும் நாலு பேருக்கும் சொல்கிறேன்: இதை உங்க வீகன் நண்பர் கேட்கும் வரை காத்திருக்காதீங்க. நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னால் அவருக்கு அது பெரிய நிம்மதி.

கிளம்பும் முன் செக்லிஸ்ட்

- காலை டிபனை கேளம்பாக்கத்தில் முடிச்சிடுங்க, அல்லது புளியோதரை கட்டி எடுத்துப் போங்க.
- பையில் கடலை மிட்டாய், வறுத்த கடலை, பழம், தண்ணீர்.
- ‘வீகனா?’ என்று கேட்காதீங்க. நெய், வெண்ணெய், பால், தயிர், முட்டை என்று பெயர் சொல்லிக் கேளுங்க.
- பில்லில் பார்க்க வேண்டியது: ஜிஎஸ்டி எத்தனை சதவீதம், சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கா.
- தனி பில் பேச்சு ஆர்டருக்கு முன்னாடி.

இந்த வார வீடியோவில் ஹோட்டல் பில்லை வரிவரியாகப் படிப்பது எப்படி என்று போர்டில் போட்டுக் காட்டியிருக்கிறேன். அடுத்த ட்ரிப்புக்குக் கிளம்பும் முன் உங்க கேங் வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்க. அடுத்த பாடத்தில் சந்திப்போம்!