சிதறலும் பரவலும்

நுழையும்முன்

ஒரு சமயத்தை ஒடுக்கினால் அது அழிந்துவிடும் என்று ஆட்சியாளர்கள் எண்ணியதுண்டு. அவ்வெண்ணம் பலமுறை பொய்த்திருக்கிறது. தொடக்ககாலக் கிறித்தவம் அதற்குப் பழைய சான்று. ஒல்லாந்தர் ஆட்சியில் ஈழத்துக் கத்தோலிக்கர் வாழ்ந்த வரலாறு நமக்கு அண்மையிலுள்ள சான்று. ஒடுக்குமுறைக்கும் சமயப் பரவலுக்கும் உள்ள தொடர்பை இவ்விரண்டின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

எருசலேமிலிருந்து அந்தியோக்கியாவரை

இயேசுவின் மறைவுக்குப் பிறகு அவரைப் பின்பற்றியோர் எருசலேமில் ஒரு சிறு குழுவினராகவே இருந்தனர். அவர்களுள் ஒருவராகிய ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டார். தொடர்ந்து எழுந்த துன்புறுத்தலில் அக்குழு சிதறியது. யூதேயா, சமாரியா என அருகிலிருந்த நிலங்களுக்குச் சிலர் சென்றனர். பெனிக்கே, சைப்பிரசு, அந்தியோக்கியா எனத் தொலைவுக்குச் சிலர் சென்றனர். விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் என்னும் நூல் இங்கு ஒரு செய்தியைத் தருகிறது: திருத்தூதர்கள் எருசலேமிலேயே தங்கிவிட்டனர். ஊர்விட்டு ஊர் சென்று சமயத்தைப் பரப்பியோர் பெயர் தெரியாத எளிய மக்கள். அவர்கள் பரப்புரைக்காகப் புறப்பட்டவர்கள் அல்லர். உயிர் பிழைக்க ஓடியவர்கள். அந்தியோக்கியாவில்தான் அவர்கள் கிரேக்கரிடமும் தம் நம்பிக்கையைப் பற்றிப் பேசினர். 'கிறித்தவர்' என்னும் பெயர் முதன்முதலில் வழங்கியதும் அங்கேதான்.

பின்னர் உரோமப் பேரரசு பகைத்தது. கி.பி. 64இல் நீரோ, 250இல் தேசியசு, 303இல் தியோக்கிளேசியன் எனப் பேரரசர் சிலர் கடுமையாக ஒடுக்கினர். எனினும் ஒடுக்குமுறை இடைவிடாது நிகழ்ந்ததன்று. இடையிடையே நீண்ட அமைதி நிலவியது. சாலைகள், கடல் வணிகம், எங்கும் பேசப்பட்ட கிரேக்க மொழி ஆகியனவும் பரவலுக்குத் துணைநின்றன. குருதி சிந்தியதனால் மட்டுமே கிறித்தவம் வளர்ந்தது என்பது பக்தியுரை. வரலாற்று மாணவர் அதனை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. 313இல் கிறித்தவ வழிபாட்டுக்கு உரிமை கிடைத்தது.

ஈழத்தில் இருமுகம்

கடல் கடந்து ஈழத்துக்கு வருவோம். 1544இல் மன்னார்த் தீவில் திருமுழுக்குப் பெற்ற மக்கள் ஏறத்தாழ 600 பேர், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். முக்கால் நூற்றாண்டு கழிந்து, 1619இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியர் கைப்பற்றினர். அப்போது கத்தோலிக்கம் ஆள்வோரின் சமயமாயிற்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவர்களால் இடிக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சமயம் அதிகாரத்துடன் சேர்ந்தபோது ஒடுக்கும் சமயமானதை மறைப்பதற்கில்லை.

1658இல் காட்சி மீண்டும் மாறியது. யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினர். ஆலயங்களைத் தம் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டனர். குருவானவருக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று அறிவித்தனர். அரசுப் பணி பெறவும் திருமணத்தைப் பதிவு செய்யவும் சீர்திருத்தத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறவேண்டியிருந்தது. பலர் பதிவேட்டில் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டில் பழைய செபத்தையே சொல்லினர்.

குருவும் இல்லை, கோயிலும் இல்லை. எஞ்சியிருந்தவை வீடும் நினைவும் மொழியும். மூப்பர், அண்ணாவியார் எனப்பட்ட ஊர்ப் பெரியோர் செபங்களைச் சொல்லிக்கொடுத்தனர். குருவின் பொறுப்பாக இருந்தது குடும்பத்தின் பொறுப்பாயிற்று. போர்த்துக்கீசியர் காலத்தில் மேலிருந்து வந்த சமயம் இப்போதுதான் மக்களுடைய சமயமானது எனலாம்.

கூலியாளின் உடையில் ஒரு குரு

இந்நிலையில், 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் என்னும் குரு தூத்துக்குடியிலிருந்து ஈழம் சென்றார். ஐரோப்பியராக இருந்திருந்தால் கரையிலேயே பிடிபட்டிருப்பார். கொங்கணி நாட்டவராகிய அவர் கூலியாளின் உடையில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாக இரந்தார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் யார், முகம் திருப்பியவர் யார் என்று கவனித்தார். மறைந்திருந்த கத்தோலிக்கரை அவர் கண்டறிந்தது இவ்வாறே. சில்லாலை என்னும் ஊரில் தங்கி இரவு நேரங்களில் வழிபாடு நடத்தினார்.

1689இல் கிறித்து பிறப்பு விழா இரவில் ஒல்லாந்தப் படைவீரர் வழிபாட்டு இல்லத்துள் புகுந்தனர். வாஸ் தப்பினார், கூடியிருந்தோர் பலர் சிறைப்பட்டனர். இனிக் கடற்கரையில் இருக்க இயலாது என்ற நிலையில் அவர் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கீசிய ஒற்றர் என்ற ஐயத்தால் சிறையிடப்பட்டார். எனினும் கண்டி மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் பிறகு அவரை நம்பி உரிமையளித்தார். மன்னர் பௌத்தர், பிற கிறித்தவர் மறுத்த உரிமையை அளித்தவர் அவரே. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளுக்கு வாஸ் செய்த தொண்டு அந்நம்பிக்கையை உறுதியாக்கியது. ஒல்லாந்தர் துரத்தியிராவிட்டால் அவர் யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களோடு நின்றிருக்கக்கூடும். எருசலேமுக்கு அந்தியோக்கியா எப்படியோ, யாழ்ப்பாணத்துக்குக் கண்டி அப்படி. 1711இல் அவர் கண்டியிலேயே மறைந்தார்.

அவருக்குத் துணையாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் இசையோடு படிக்கும் நூல். ஆலயம் இழந்த மக்களுக்கு மொழியே ஆலயமாக நின்றது.

தமிழகத்திலும் இதற்கு இணை உண்டு. 1693இல் மறவர் நாட்டு ஓரியூரில் அருளானந்தர் கொல்லப்பட்டார். அவர் உழைத்த மதுரைப் பணித்தளத்துக்கே இருபது ஆண்டுகளுக்குள் வீரமாமுனிவர் வந்தார். ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் வாழ்வோர், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அம்முனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயத்தை அறிவர்.

வென்றது எது?

துன்புறுத்தல் எப்போதும் பரவலில் முடிவதில்லை. சப்பானில் 1614இல் கிறித்தவம் தடைசெய்யப்பட்டது. ஒடுக்குமுறை ஊர்தோறும் வீடுதோறும் நுழைந்தது. தப்பிச் செல்ல மற்றோர் அரசும் இல்லை. ஏறத்தாழ 250 ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் 1865இல் நாகசாகியில் வெளிப்பட்டனர். சமயம் அங்கே பிழைத்தது, பரவவில்லை. ஈழத்தில் கடற்கரை ஒல்லாந்தருடையது, உள்நாடு கண்டியுடையது. ஓர் அரசு விரட்ட, மற்றோர் அரசு இடமளித்தது. ஒடுக்குமுறை நிறைவுபெறாத இடத்தில்தான் சிதறல் பரவலாக மாறுகிறது.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினர். பதவியும் பதிவும் கருதிச் சீர்திருத்தத் திருச்சபையில் பெயர் எழுதியிருந்தோர் கூட்டம் கூட்டமாக விலகினர். சலுகைகளோடு வளர்ந்த அத்திருச்சபை சில ஆண்டுகளில் மிகச் சுருங்கியது. நூற்றாண்டுக்கு மேலாக இரவில் கூடிய கத்தோலிக்கர் பகலில் ஆலயம் கட்டத் தொடங்கினர்.