மான் பார்க்கப் போகலாமா?



கோடியக்கரைக்குக் குழுவாகப் போய் வரலாம் என்று மாதக் கூட்டத்தில் நாங்கள் சொன்னபோது ஒரு அக்கா சிரித்துவிட்டார். "காட்டுக்கு விறகுக்குப் போயிருக்கோம், ஆடு தேடிப் போயிருக்கோம். சும்மா பாத்துட்டு வரவா போவாங்க?" என்றார். குழுச் சேமிப்பைத் தொடாமல், ஆளுக்குக் கொஞ்சமாகத் தனியே சேர்த்துப் போனோம்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கிறது இந்தச் சரணாலயம். வெளிமானைக் காப்பதற்காக 1967-ல் அறிவிக்கப்பட்டது. முறுக்கிய கொம்பு ஆண் மானுக்கு மட்டும்தான். வளர்ந்த ஆணின் முதுகு கருத்திருக்கும். பெண்ணும் குட்டியும் பழுப்பு நிறம். இது புதருக்குள் ஒளிகிற மான் இல்லை. வெட்டவெளியில் நின்று, தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து, ஓடித் தப்பிக்கும். அதனால் நாம் அதைப் பார்க்கும் முன்பே அது நம்மைப் பார்த்துவிடும்.

இதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தப்பு. வேனில் பாட்டு, இறங்கியதும் ஒரே கூச்சல். தூரத்தில் நின்ற மந்தை ஒரே ஓட்டமாகப் போயே போச்சு! சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பேச்சில்லாமல் ஓரமாகக் காத்திருந்தோம். புல்வெளியில் ஒவ்வொன்றாக மேய வந்தன. சிரித்த அக்காதான் எல்லாரையும், "உஷ்!" என்று அடக்கினார்.

நடுவில் ஒரு குரங்கு புளிச்சோற்றைப் பையோடு பிடுங்கிக்கொண்டு மரமேறியது. பாவமென்று பிஸ்கட் போடாதீர்கள். அதனால்தான் அவை ரோட்டோரமே கிடந்து வண்டியில் அடிபடுகின்றன. பைகளையும் விட்டு வரக்கூடாது. கேரி பேக் தின்ற மாடு படும் பாடு நமக்குத் தெரியுமே, மானுக்கும் அதே கதிதான்.

விறகுப் பேச்சும் வந்தது. சரணாலயத்துக்குள் மரம் வெட்டினால் வழக்குப் போடுவார்கள். பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு இது கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தக் காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன, மான்களும் செத்தன. இன்னும் வெட்டினால் தாங்காது. நம் கொல்லையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலை வெட்டலாமே! காட்டுக்குள்ளும் அது பரவி மான் மேய்கிற புல்லை அழிக்கிறது.

பூநாரை போன்ற பறவைகளையும் பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில் போக வேண்டும். நேரமும் கட்டணமும் மாறலாம். வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த பயணத்துக்கு வரும் மாதக் கூட்டத்தில் பெயர் கொடுக்கலாம். ஜன்னலோர சீட்டை அந்த அக்கா இப்போதே கேட்டு வைத்துவிட்டார்.