நாற்பது மீட்டர் இரும்பும் ஒரு காரும்

சிம்பாங் பூலாய் சந்தியில் பச்சை விளக்குக்காக நிற்கும் கல்குவாரி லோரிகளைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பஸ் நிறுத்தத்தில் இருந்தபடியே சரக்குப் பெட்டிக்குக் கீழே, சக்கரங்களுக்கு மேலே கண்ணை ஓட்டுங்கள். முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்களும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் தெரியும். ஏணி ஒன்றைப் படுக்க வைத்தது போல இருக்கும். இதுதான் அடிச்சட்டம். பட்டறைகளில் ‘சேசி’ என்பார்கள். இயந்திரம், சக்கரங்கள், சரக்கு, ஓட்டுநர் என எல்லாவற்றையும் சுமப்பது அதுதான்.

வண்டி என்றால் உயிரை விடும் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு சிறிய காருக்கான அடிச்சட்டத்தை நாமே செய்தால் என்ன செலவாகும்? விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் படிவம் 4 இயற்பியல், கணிதம், பட்டறை வேலை மூன்றும் இதில் வந்து சேர்கின்றன. வாருங்கள், கணக்குப் போடுவோம்.

250 பவுண்டு கார்

1957இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற இருவர் அமரும் சிறிய காரை வெளியிட்டது. மெல்லிய எஃகுக் குழாய்களால் கட்டிய கூண்டுதான் அதன் உடல். அதை முழுக் காராகவும் வாங்கலாம், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்தியும் கொள்ளலாம். பாகங்களாக வாங்கினால் அன்றைய பிரிட்டிஷ் கொள்முதல் வரி கிடையாது. பொருத்தும் வழிமுறை ஏடு சேர்த்துக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதால், ‘கழற்றும்’ வழிமுறை ஏட்டைக் கொடுத்து அதைப் பின்னிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1973இல் புதிய வரி முறை வந்தது. அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டில் ‘செவன்’ காரின் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. மலேசியாவுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1996இல் லோட்டஸ் நம் புரோட்டோன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2011இல் கேட்டர்ஹாமை டோனி பெர்னாண்டஸின் குழு வாங்கியது.

நம் கேள்விக்கு நேராக விடை சொல்ல முயன்றவர் ரோன் சேம்பியன் என்ற ஆங்கிலேயர். வெறும் 250 பவுண்டில் விளையாட்டுக் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே சொல்லும் ஒரு நூலை 1996இல் எழுதினார். அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ ஆயிரம் ரிங்கிட். கடையில் கிடைக்கும் சாதாரண சதுரக் குழாய்களைப் பற்றவைத்து, ‘செவன்’ போன்ற கூண்டு ஒன்றைக் கட்ட வேண்டும். இயந்திரம், கியர்பெட்டி, பின் அச்சு ஆகியவற்றைப் பழைய ஃபோர்டு எஸ்கோர்ட் காரிலிருந்து கழற்றிப் பூட்ட வேண்டும். ‘லோ காஸ்ட்’, ‘லோட்டஸ்’ இரண்டையும் கலந்து இத்தகைய கார்களை ‘லோகோஸ்ட்’ என்று அழைத்தார்கள். இயந்திரம் முன்னால், உந்துவிசை பின்சக்கரத்துக்கு என்பதுதான் இதன் அமைப்பு. அதனால் முன்சக்கர உந்துவிசை கொண்ட பழைய சாகா இதற்கு ஒத்துவராது. நம் ஊரில் தேடினால் டட்சன் 120ஒய் போன்ற பழைய பின்சக்கர வண்டிதான் பொருந்தும்.

தராசில் வைத்துப் பார்ப்போம்

இரும்புக் கடையில் ‘ஹாலோ’ என்று கேட்டால் உள்ளீடற்ற சதுரக் குழாயைக் காட்டுவார்கள். 6 மீட்டர் நீளத்தில், அதாவது கடைக்காரர் வாயில் 20 அடியில், கிடைக்கும். நாம் எடுத்துக்கொள்வது 25 மில்லிமீட்டர் அகலமும் 1.6 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பும் உள்ள குழாய்.

வெளிச் சதுரத்தின் பரப்பு 25 × 25 = 625 சதுர மில்லிமீட்டர். உள்ளே உள்ள வெற்றுச் சதுரத்தின் பக்கம் 21.8, அதன் பரப்பு 475.24. கழித்தால் இரும்பு இருக்கும் பரப்பு 149.76. ஒரு மீட்டர் குழாயில் ஏறத்தாழ 150 கன சென்டிமீட்டர் எஃகு இருக்கிறது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். ஆக, ஒரு மீட்டர் 1.18 கிலோ.

சிறிய கூண்டு ஒன்றுக்கு 40 மீட்டர் தேவை என்று வைப்போம். 7 குழாய் வாங்கினால் 42 மீட்டர். எடை ஏறத்தாழ 49 கிலோ. இரும்பு விலை அடிக்கடி மாறும். கணக்குக்காகக் கிலோவுக்கு 6 ரிங்கிட் என்று கொண்டால், மொத்தம் 300 ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவு. ஒரு காரின் எலும்புக்கூடு ஒரு நல்ல சைக்கிள் விலைகூட இல்லை! உங்கள் ஊர்க் கடையில் இன்றைய விலையைக் கேட்டு, 6 இருக்கும் இடத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்த 300 ஒரு பொறி. இரும்பின் விலை மட்டுமே அடிச்சட்டத்தின் விலை அல்ல.

முதலில் வெட்டு. வரைபடத்தில் 2.1 மீட்டர் துண்டுகள் 12 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் குழாயில் இரண்டுதான் கிடைக்கும், 1.8 மீட்டர் மிஞ்சும். 6 குழாய்கள் வாங்கி 10.8 மீட்டரை மூலையில் சாய்த்து வைப்பீர்கள். வாங்கியதில் 30 விழுக்காடு! நம் கணக்குப்படி 76 ரிங்கிட். அதையே 2 மீட்டராகக் குறைத்தால் ஒரு குழாயில் மூன்று, மொத்தம் 4 குழாய் போதும் என்று மனக்கணக்கு சொல்லும். அங்கேயும் கவனம் வேண்டும். வெட்டும் தட்டு ஒவ்வொரு வெட்டிலும் 3 மில்லிமீட்டர் அளவு இரும்பைப் பொடியாக்கும். மூன்று துண்டுக்கு இரண்டு வெட்டு, 6 மில்லிமீட்டர் போய்விடும். அதனால் வரைபடத்தில் 1.99 மீட்டர் என்று போடுகிறவர்தான் அனுபவசாலி. மிஞ்சும் துண்டுகளில் எந்தக் குட்டைத் துண்டு வரும் என்று முன்கூட்டியே திட்டமிடுவது தையற்காரர் துணியைப் பிரிப்பது போன்ற கலை. தொழிற்சாலைகளில் இதைக் கணினியிடம் ஒப்படைக்கிறார்கள்.

அதே இரும்பு, ஏழு மடங்கு விறைப்பு

குழாய் எதற்கு, கம்பி வாங்கினால் என்ன? அதே 149.76 சதுர மில்லிமீட்டர் இரும்பை உள்ளே நிரம்பிய சதுரக் கம்பியாக வார்த்தால் அதன் பக்கம் 12.2 மில்லிமீட்டர். எடையும் அதே, விலையும் ஏறத்தாழ அதே. ஆனால் வளைவை எதிர்க்கும் திறனைக் கணக்கிட்டால் குழாய் கம்பியைவிட 7 மடங்குக்கும் அதிகம். வளையும்போது ஒரு பக்கம் நீள்கிறது, எதிர்ப்பக்கம் சுருங்குகிறது, நடுவில் உள்ள இரும்பு சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் அதுவும் வேலை செய்யும். மூங்கிலுக்கு இது எப்போதோ தெரியும்.

அடுத்தது முக்கோணம். சாத்தே குச்சிகள் நான்கை ரப்பர் வளையத்தால் சதுரமாகக் கட்டுங்கள். மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். ஒரு குச்சியை மூலைவிட்டமாகச் சேர்த்துக் கட்டுங்கள், அசையாது. குச்சி உடையாமல், நீளாமல் முக்கோணம் வடிவம் மாறாது. ஒரு மீட்டர் சதுரத்துக்கு மூலைவிட்டம் 1.41 மீட்டர், அதாவது 1.66 கிலோ, நம் கணக்கில் 10 ரிங்கிட். அடிச்சட்டம் செய்கிறவர் வாங்கக்கூடிய மிக மலிவான விறைப்பு இதுதான். பக்கச் சுவர்களில் இந்தப் பத்து ரிங்கிட்டை மிச்சம் பிடித்துவிட்டு, பிறகு தடித்த குழாயாக வாங்கி எடையைக் கூட்டுவது வீண்.

காருக்கு வளைவைவிடப் பெரிய சோதனை முறுக்கம். இடது முன்சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது, ஈரத் துணியைப் பிழிவது போல வண்டி முறுக்கப்படுகிறது. ஒரு தாளைச் சுருட்டி விளிம்பைப் பசை போட்டு ஒட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எதிர்க்கும். இப்போது நீளவாக்கில் ஒரே ஒரு வெட்டு போட்டு மறுபடியும் முறுக்குங்கள். துவண்டுவிடும். தாள் ஒரு கிராம்கூடக் குறையவில்லையே! நம் சதுரக் குழாய்க்கும் இதே கதிதான். நீளவாக்கில் பிளந்துவிட்டால் அதன் முறுக்க விறைப்பு ஏறத்தாழ 160இல் ஒரு பங்காகிவிடும்.

அப்படியானால் லோரிகளுக்கு ஏன் ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போன்ற திறந்த சட்டம்? மேடு பள்ளத்தில் அது சற்றே முறுக்கிக்கொடுக்கட்டும், எல்லாச் சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும் என்பதற்காகத்தான். பலவீனம் போலத் தெரிவது அங்கே தேவையாகிறது.

மலைமேல் ஓடும் பாடப்புத்தகம்

சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகக் கேமரன் மலை ஏறியவர்கள், காய்கறித் தோட்டங்களில் உழைத்துக் களைத்த பழைய லேண்ட் ரோவர்களைக் கண்டிருப்பீர்கள். நம் பாடத்துக்கு அவற்றைவிட நல்ல உதாரணம் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு. கையில் பணமும் இல்லை. ரோவர் நிறுவனத்தின் பொறியியல் தலைவர் மோரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் ஓடிய பழைய போர்க்கால ஜீப்பைப் பார்த்து, அதுபோன்ற ஒரு வண்டியைச் செய்ய முனைந்தார். 1947இல் செய்த முதல் மாதிரியே ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேல்தான் நின்றது. 1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. எஃகுத் தட்டுப்பாட்டால் மேலுடலுக்கு அலுமினியக் கலவை. அடிச்சட்டத்துக்கு எஃகைத் தவிர வேறு வழியில்லை. அதை அழுத்தி வடிக்கப் பெரிய அச்சுகள் வேண்டும். அவற்றின் விலை கட்டுப்படியாகாது. என்ன செய்தார்கள்? தட்டையான எஃகுப் பட்டைகளை வெட்டி, நான்கு பக்கமும் சேர்த்துப் பற்றவைத்து, மூடிய பெட்டிச் சட்டமாக்கினார்கள். அச்சுக்குப் போக வேண்டிய பணம் பற்றவைப்பவரின் உழைப்பாக மாறியது. முறுக்கத்தைத் தாங்கும் மூடிய வடிவமும் கிடைத்தது.

அதற்கும் ஒரு விலை இருந்தது. மூடிய பெட்டிக்குள் நீர் புகுந்தால் எளிதில் உலராது. வெளியே சாயம் பளபளக்கும்போதே உள்ளிருந்து துரு தின்னும். அடிச்சட்டத்தின் செலவைக் கணக்கிடுகிறவர் பத்து ஆண்டு கழித்து வரும் செலவையும் எழுத வேண்டும்.

கைக்கூலி

நம் கூண்டுக்குத் திரும்புவோம். அதில் 60 துண்டுகள் என்று கொள்வோம். துண்டுக்கு இரண்டு முனை, மொத்தம் 120. ஒரு முனையை அளந்து, வெட்டி, அரம் போட்டுப் பொருத்த 15 நிமிடம் என்றால் 30 மணி நேரம். மணிக்கு 20 ரிங்கிட் கூலி என்று வைத்தாலே 600. இன்னும் பற்றவைக்கவே இல்லை, இரும்பைப்போல் இரு மடங்கு செலவாகிவிட்டது! பற்றவைப்புக் கம்பி, வாயு, வெட்டுத் தட்டுகள், கண்ணும் முகமும் காக்கும் கவசம் எல்லாம் இதற்குமேல்.

பற்றவைப்பு இன்னொரு தொல்லையும் தரும். எஃகு சூட்டில் விரியும். ஒரு மீட்டர் குழாய் 100 பாகை சூடேறினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் கூண்டு கோணலாகி, சக்கரங்கள் நேராக நிற்காது. அதனால் சமதளமான பலகையில் வரைபடத்தைக் கோடு போட்டு, கட்டைகளால் குழாய்களை இறுக்கி, முதலில் எல்லா மூட்டுகளிலும் பொட்டு வைத்தாற்போல் பற்றவைப்பார்கள். பிறகு எதிரெதிர் மூலைகளாக மாறி மாறி முடிப்பார்கள். துத்தநாகம் பூசிய குழாயை வாங்கினால் துருப் பிடிக்காதே என்று தோன்றலாம். வேண்டாம். துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகும். எஃகு உருக அதற்கும் மிக அதிகமான சூடு தேவை. அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

இத்தனையும் தெரிந்த கைதான் அடிச்சட்டத்தில் விலை உயர்ந்த பாகம். வெல்டிங் என்றால் படிப்பு வராதவர்களின் வேலை என்று நினைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழிற்கல்லூரியில் மலேசியத் திறன் சான்றிதழுக்காக இதைப் படிக்கும் மாணவர், மேலே கண்ட இயற்பியல் முழுவதையும் கையால் செய்கிறார்.

சரி, கட்டி முடித்தால் ஓட்டலாமா? பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றைக் காருக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. தேறினால் பதிவு எண் கிடைக்கும். இங்கே 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு செய்யாத வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. கார் மாதிரிகளுக்கு ஜேபிஜே வழங்கும் வகை அங்கீகாரம் நிறுவனங்களை மனத்தில் வைத்து அமைந்தது. தனி ஆளுக்கு அந்தப் பாதை எளிதன்று. ஆகவே 300 ரிங்கிட் இரும்பை நம்பி யாரும் அப்பாவிடம் காசு கேட்க வேண்டாம். ஆசை இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழக மாணவர்களின் பந்தயங்கள் உண்டு. ‘ஃபார்முலா எஸ்ஏஇ’ போட்டியில் மொத்தம் 1000 புள்ளிகளில் 100 செலவுக் கணக்குக்கே ஒதுக்கப்படுகிறது. எந்தப் பாகத்தை எப்படிச் செய்தார்கள், அதற்கு என்ன செலவு என்று மாணவர்கள் நடுவர்கள் முன் விளக்க வேண்டும்.

இப்போதைக்குச் சாத்தே குச்சிகளில் தொடங்குங்கள். 30 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு சட்டங்கள் செய்யுங்கள். ஒன்று வெறும் ஏணி, மற்றது முக்கோணங்கள் நிறைந்த கூண்டு. பின்முனையை மேசையோடு இறுக்குங்கள். முன்முனையின் ஒரு மூலைக்குக் கீழே நடுவில் ஒரு பென்சிலை முட்டுக் கொடுத்து, மறுமூலையில் 20 சென் நாணயங்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, அது எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் குறியுங்கள். பிறகு இரண்டு சட்டங்களிலும் எத்தனை குச்சிகள் செலவாயின என்று எண்ணி, ஒரு குச்சிக்கு எவ்வளவு விறைப்பு கிடைத்தது என்பதை அட்டவணையில் எழுதுங்கள். கூண்டிலிருந்து ஒரு மூலைவிட்டக் குச்சியை மட்டும் உருவிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள்.