தூங்கிய லேப்டாப் எழ மறுக்கிறதா? கெர்னலில் குற்றவாளியைத் தேடிப் பிடிக்கும் வழி

லினக்ஸில் அப்டேட் போட்டு மறுபடி இயக்கியதும், நேற்றுவரை ஒழுங்காக இருந்த ஒன்று கெட்டுப்போகிறது. மூடியை மூடினால் லேப்டாப் தூங்குகிறது. திறந்தால் எழ மறுக்கிறது. திரை கறுப்பு, விசிறிச் சத்தம் மட்டும். பலரும் பழைய கெர்னலுக்குத் திரும்பிக்கொண்டு அதை மறந்துவிடுவார்கள். மற்றவர்கள் "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்று அலுத்துக்கொள்வார்கள். இரண்டாலும் பழுது தீராது. கெர்னல் எழுதுகிறவரிடம் உங்கள் லேப்டாப் கிடையாது; அவர் மேசையிலிருக்கும் இயந்திரத்தில் அவருடைய மாற்றம் நன்றாகவே ஓடியிருக்கும். கெடுத்தது எந்த மாற்றம் என்று கண்டுபிடிக்கும் வசதி உங்களுக்குத்தான் இருக்கிறது. அதற்கு சி மொழியில் ஒரு வரிகூடத் தெரிந்திருக்க வேண்டாம். டெர்மினலில் தட்டப் பழகியிருந்தால் போதும், கூடவே ஒரு வார இறுதி.

இங்கே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கெர்னல்தான் காரணமா?

அப்டேட்டில் கெர்னல் மட்டும் மாறுவதில்லை. ஃபர்ம்வேர், மெசா, சிஸ்டம்டி எல்லாமே சேர்ந்து மாறியிருக்கலாம். இயந்திரம் கிளம்பும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையைத் தட்டினால் க்ரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் இன்னும் இருக்கும். வேறு எதையும் தொடாமல் அதில் மட்டும் ஏறிப் பாருங்கள். அதில் லேப்டாப் ஒழுங்காக எழுந்தால், திரும்பப் புதியதில் ஏறியதும் எழ மறுத்தால், சந்தேகம் கெர்னல் மேல்தான்.

அடுத்து, கேட் கட்டளையால் /ப்ராக்/சிஸ்/கெர்னல்/டெய்ன்டட் கோப்பைப் பாருங்கள். 0 வந்தால் நிம்மதி. வேறு எண் வந்தால் பெரும்பாலும் என்விடியாவின் மூடிய ட்ரைவரோ, வெளியிலிருந்து ஏற்றிய வேறொரு மாட்யூலோ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். மூடிய ட்ரைவர் ஏறிய கெர்னலைப் பற்றி எழுதினால் பதில் வருவது அபூர்வம், வராததில் நியாயமும் இருக்கிறது: உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாததை யார் திருத்துவது?

மூன்றாவதாக, உங்கள் விநியோகத்தின் கெர்னல் அசல் கெர்னல் அல்ல. உபுண்டுவோ ஃபெடோராவோ அதன்மேல் தன் பேட்ச்களைப் போட்டிருக்கும். கெர்னல்.ஆர்க் தளத்திலுள்ள அசலின் புத்தம் புதிய பதிப்பை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழுது ஏற்கெனவே தீர்ந்திருந்தால் வேலை மிச்சம்.

தேடும் பரப்பு

உதாரணத்துக்கு 6.11-இல் நன்றாக இருந்தது, 6.12-இல் கெட்டது என்று வைத்துக்கொள்வோம். 6.11 வெளிவந்தது 2024 செப்டம்பர் 15; 6.12 வெளிவந்தது நவம்பர் 17. இடையில் ஒன்பது வாரம். ஒவ்வொரு பதிப்புக்கும் முறை இதுதான்: முதல் இரண்டு வாரம் புதிய மாற்றங்களை லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளே எடுத்துக்கொள்வார், பிறகு ஞாயிறுதோறும் ஆர்சி1, ஆர்சி2 என்று பெரும்பாலும் ஆர்சி7 வரை திருத்தங்கள் மட்டும். அந்த ஒன்பது வாரத்தில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கமிட்கள், அதாவது தனித்தனி மாற்றங்கள், சேர்ந்தன. உங்கள் லேப்டாப்பைக் கெடுத்தது அதில் ஒன்று.

பதின்மூவாயிரம் என்றதும் மலைக்க வேண்டாம். திருவிழா சீரியல் செட்டில் அறுந்த இடத்தை எலக்ட்ரீஷியன் தேடுவதுபோல நடுவில் தொட்டுப் பார்ப்பதுதான் வேலை. நடுவிலுள்ள கமிட்டில் கெர்னலைக் கட்டி ஓட்டினால் பாதி கழிந்துவிடும். மறுபடி நடு, மறுபடி பாதி. ஏறத்தாழ 14 முறையில் ஒரே ஒரு கமிட்டில் வந்து நிற்போம். 2005-இல் கெர்னலுக்காகவே டோர்வால்ட்ஸ் எழுதிய பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட்டில் இதற்கென்றே 'பைசெக்ட்' இருக்கிறது. 6.12.4-இல் நன்றாக இருந்து 6.12.5-இல் கெட்டிருந்தால் இன்னும் சுலபம். அங்கே இடையில் சில நூறு கமிட்கள்தான் இருக்கும்.

கட்டுமானம்

ஜிசிசி, மேக், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி ஆகியவற்றையும், ஓபன்எஸ்எஸ்எல், லிப்எல்ஃப் இரண்டின் டெவலப்மென்ட் பொட்டலங்களையும் நிறுவுங்கள். கெர்னல் மூலநிரலைக் கிட் க்ளோன் செய்யவே சில ஜிபி டேட்டா போகும், மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இறங்காதீர்கள். வட்டில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். நீங்களே கட்டும் கெர்னலுக்குக் கையொப்பம் இருக்காது என்பதால் செக்யூர் பூட்டை இப்போதைக்கு அணைத்து வைக்க வேண்டியிருக்கும்.

நன்றாக ஓடிய பழைய கெர்னலில் ஏறிக்கொண்டு, பூட் கோப்புறையிலுள்ள அதன் கான்ஃபிக் கோப்பை மூலநிரல் கோப்புறைக்குள் .கான்ஃபிக் என்ற பெயரில் நகலெடுங்கள். பிறகு 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்'. இந்த நொடியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆயிரக்கணக்கானவற்றை இது கழித்துவிடும். மணிக்கணக்கில் இழுக்கும் கட்டுமானம் நிமிடங்களுக்கு வரும். இதில் ஒரு பொறி உண்டு. பென்டிரைவ், வெளி மானிட்டர், ப்ளூடூத் என்று உங்களுக்கு வேண்டியதையெல்லாம் முதலில் செருகி ஒருமுறை பயன்படுத்திவிட்டு இந்தக் கட்டளையைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் அதற்கான ட்ரைவரும் கழிந்துபோகும்.

டெபியன், உபுண்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. பாதிக் கட்டுமானத்தில் ஏதோ ஒரு .பெம் கோப்பு இல்லை என்று நின்றுவிடும். விநியோகத்தின் சான்றிதழ் கோப்பைக் கான்ஃபிக் தேடுவதுதான் காரணம். 'ஸ்க்ரிப்ட்ஸ்/கான்ஃபிக்' கருவியால் சிஸ்டம்_ட்ரஸ்டட்_கீஸ், சிஸ்டம்_ரிவொகேஷன்_கீஸ் இரண்டையும் அணைத்துவிட்டால் மேலே நகரும். தயாரான கான்ஃபிக்கை வேறொரு பெயரில் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதையே திரும்ப நகலெடுத்து 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' தட்ட வேண்டும், ஏனென்றால் முன்னும் பின்னுமாகத் தாவும்போது சில தெரிவுகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும்.

'மேக் -ஜே' உடன் உங்கள் பிராசஸரின் கோர் எண்ணிக்கையைச் சேர்த்துத் தட்டினால் கட்டத் தொடங்கும். டெபியன் குடும்பத்தில் 'மேக் பின்டெப்-பிகேஜி' நல்லது. டெப் பொட்டலமாகக் கிடைப்பதால் பிறகு நீக்குவது சுலபம்.

முதலில் அசல் 6.11-ஐயும் அசல் 6.12-ஐயும் இந்தக் கான்ஃபிக்கோடு கட்டி, ஒன்று நன்றாக இருக்கிறது, மற்றது கெடுகிறது என்று உறுதி செய்யுங்கள். அவசரத்தில் பலர் இதைத் தாண்டிவிடுவார்கள். இரண்டுமே நன்றாக ஓடினால் தேட எதுவுமில்லை. கோளாறு விநியோகத்தின் பேட்ச்சிலோ கழிந்துபோன தெரிவிலோ இருக்கிறது.

நல்லதா, கெட்டதா?

'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்', பிறகு 'கிட் பைசெக்ட் பேட் வி6.12', 'கிட் பைசெக்ட் குட் வி6.11'. கிட் தானே நடுக் கமிட்டுக்குப் போய் நிற்கும், இன்னும் எத்தனை சுற்று என்றும் சொல்லும். கட்டுங்கள், நிறுவுங்கள், ஏறுங்கள், சோதியுங்கள், முடிவைக் 'குட்' என்றோ 'பேட்' என்றோ சொல்லுங்கள். அந்தக் கமிட்டில் கட்டுமானமே முறிந்தாலும், வேறு காரணத்தால் கிளம்பவே மறுத்தாலும் 'ஸ்கிப்'.

ஏறியதும் 'யூநேம் -ஆர்' தட்டிப் பாருங்கள். க்ரப் பழையதையே எடுத்துக்கொண்டு ஓடினால் அந்தச் சுற்று முழுக்கப் பொய். சில சமயம் 6.11-ஆர்சி4 என்று காட்டும், 6.11-க்கு அப்புறம்தானே தேடுகிறோம் என்று குழப்பம் வரும். அது சரிதான். ட்ரைவர் எழுதுகிறவர்கள் முந்தைய ஆர்சியிலிருந்து கிளை பிரித்து வேலை செய்து, பிறகுதான் 6.12-க்குள் வந்து சேர்ந்திருப்பார்கள்.

இந்த வேலை முழுக்க ஒரு சொல்லை நம்பி நிற்கிறது: 'குட்'. ஒருமுறை கெட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டால் 'பேட்' என்பதில் சந்தேகமில்லை. 'குட்' அப்படியில்லை, இதுவரை கெடவில்லை என்றுதான் அதற்குப் பொருள். ஐந்து தடவைக்கு ஒரு தடவை மட்டும் எழ மறுக்கும் பழுது என்றால், பத்து தடவை வரிசையாக ஒழுங்காக எழுந்தாலும் அது தற்செயலாக இருக்க நூற்றுக்கு ஏறத்தாழ 11 வாய்ப்பு உண்டு. இருபது தடவை பார்த்தால் அது 1 அளவுக்கு இறங்கும். ஒரே ஒரு தவறான 'குட்' போதும், கிட் குற்றவாளி இல்லாத பாதிக்குள் புகுந்து கடைசிவரை அங்கேயே துழாவும். ஆகவே தொடங்கும் முன்பே எத்தனை தடவை சோதிப்பது என்று முடிவுசெய்து, களைத்துப்போன நள்ளிரவிலும் அதைக் குறைக்காதீர்கள். மூடியைக் கையால் திறந்து மூட வேண்டியதில்லை. 'ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 20' தட்டினால் லேப்டாப் தூங்கி 20 நொடியில் தானே எழும். ஒரு சிறிய லூப்பில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கலாம். மூடி திறக்கும்போது மட்டும் கெடும் பழுது என்றால் கைதான் கதி.

முடிவில் கிட் சுட்டுவது சம்பந்தமே இல்லாத ஒன்றாக இருந்தால், உதாரணமாக உங்களிடம் இல்லாத சிப்புக்கான ட்ரைவராக இருந்தால், நடுவில் எங்கோ பொய் சொல்லிவிட்டீர்கள். 'கிட் பைசெக்ட் லாக்' எல்லா முடிவுகளையும் தரும். சந்தேகமான வரியிலிருந்து கீழே வெட்டிவிட்டு 'ரீப்ளே' செய்து அங்கிருந்து தொடரலாம்.

பொருத்தமான கமிட் கிடைத்ததா? சமீபத்திய கெர்னலை எடுத்து, 'கிட் ரிவர்ட்' மூலம் அதை மட்டும் நீக்கிக் கட்டுங்கள். பழுது மறைந்தால் குற்றம் நிரூபணம். ரிவர்ட் முரண்பட்டு நின்றால் விட்டுவிடுங்கள், அப்படி நின்றது என்று கடிதத்தில் சொன்னால் போதும்.

கடிதம்

கெர்னல்காரர்கள் இன்றும் மின்னஞ்சலில்தான் வாழ்கிறார்கள். மூலநிரலோடு வரும் கெட்_மெயின்டெய்னர் ஸ்க்ரிப்ட்டுக்கு அந்தக் கமிட் தொட்ட கோப்பின் பெயரைக் கொடுத்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லும். கமிட்டை எழுதியவரையும் அதில் கையெழுத்திட்டவர்களையும் சேருங்கள். ரெக்ரஷன்களுக்கென்று, அதாவது முன்பு ஓடியது கெட்டுப்போகும் பழுதுகளுக்கென்று, தனி மின்னஞ்சல் குழு இருக்கிறது. அதற்கும் ஒரு நகல். முகவரி டாக்குமென்டேஷன் கோப்புறையில் 'ரிப்போர்ட்டிங்-ரெக்ரஷன்ஸ்' கோப்பில் உண்டு. வெறும் எழுத்தாக அனுப்புங்கள், எச்டிஎம்எல் மடலைக் குழு திருப்பி அனுப்பிவிடும்.

பொருள் வரியில் 'ரெக்ரஷன்' என்ற சொல்லும் லேப்டாப் மாடலும் பழுதும் இருக்கட்டும். முதல் பத்தியிலேயே குற்றவாளிக் கமிட்டின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்து, பக்கத்தில் அதன் தலைப்பு. பிறகு எப்படிச் சோதித்தீர்கள், எத்தனை தடவை, ரிவர்ட் செய்ததில் என்ன ஆனது. டிமெஸ்ஜி வெளியீட்டை முழுதாக இணையுங்கள். அதன் தொடக்க வரிகளில் மாடலும் பயாஸ் பதிப்பும் தாமே வந்துவிடும். கான்ஃபிக்கும் பைசெக்ட் லாகும் கூடவே. ஆங்கிலம் சுமாராக இருந்தால் பரவாயில்லை, படிப்பவர்களில் பலருக்கும் அது தாய்மொழி இல்லை. 'எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள்' என்ற தொனி மட்டும் வேண்டாம்.

முன்பு ஓடியது இப்போதும் ஓட வேண்டும் என்பது டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. அதனால் கமிட்டின் பெயரோடு வரும் கடிதத்துக்குத் தனி மரியாதை உண்டு. இரண்டு வாரமாகியும் பதில் இல்லையென்றால் அதே இழையில் ஒரு வரி நினைவூட்டல் போதும்.

பதிலோடு பெரும்பாலும் ஒரு பேட்ச் வரும். 'கிட் ஏஎம்' மூலம் அதைப் போட்டுக் கட்டி, அதே எண்ணிக்கையில் சோதித்துப் பதில் எழுதுங்கள். 'ரிப்போர்ட்டட்-பை', 'டெஸ்டட்-பை' வரிகளில் உங்கள் பெயர் கெர்னல் வரலாற்றில் ஏறும். திருத்தம் முதலில் டோர்வால்ட்ஸின் முதன்மைக் கிளையில் சேர வேண்டும். கிரெக் க்ரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் பராமரிக்கும் ஸ்டேபிள் கிளைகளுக்கு அதன்பிறகே போகும், உங்கள் விநியோகத்துக்கு இன்னும் தாமதமாக.

சில பழுதுகளுக்குத் திருத்தமே ஒரு மாடல் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதுதான். ட்ரைவர்ஸ் கோப்புறையில் ஏசிபிஐ-க்குள் 'ரிசோர்ஸ்.சி' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள்: விசைப்பலகை வேலை செய்ய விதிவிலக்கு தேவைப்பட்ட அசூஸ் போன்ற நிறுவனங்களின் லேப்டாப்கள் வரிசையாக இருக்கும். அப்படியொரு நாலு வரியை நீங்களே எழுதி அனுப்பலாம். 'செக்பேட்ச்' ஸ்க்ரிப்ட்டில் ஓட்டிவிட்டு, 'சைன்ட்-ஆஃப்-பை' வரியில் உங்கள் பெயரைப் போடுங்கள். லினக்ஸுக்குள் தன் நிரல் புகுந்ததாகச் சொல்லி எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்த பிறகு, 2004-இல் வந்த வழக்கம் அது. இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி.

எல்லாம் முடிந்ததும் 'கிட் பைசெக்ட் ரீசெட்'. சோதனைக்குக் கட்டிய கெர்னல்களை நீக்குங்கள், பூட் பகிர்வு நிரம்பினால் அடுத்த அப்டேட் பாதியில் முறியும். செக்யூர் பூட்டை மறுபடி இயக்கிவிடுங்கள். கான்ஃபிக் கோப்பை மட்டும் வைத்திருங்கள். பேட்ச்சின் இரண்டாம் வடிவத்தைச் சோதித்துத் தரச் சொல்லி மடல் வந்தாலும் வரும்.