மருந்து அடிக்கும் முன்

தம்பி தங்கைகளே, இந்த மாதப் பாடம் ஒரு புழுவைப் பற்றி.

நம்ம ஜொகூர் தோட்டங்களில் செம்பனை ஓலையைத் தின்பது பைப்புழு. ஓலைத் துணுக்கால் கட்டிய பைக்குள்ளேயே அது வாழும். 1950, 60களில் தோட்டங்களில் டி.டி.டி., டீல்டிரின் அடித்தும் அது பெருகியது. ஏன்? பைக்குள் இருந்த புழு தப்பித்தது. புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதை அழிக்கும் சின்னக் குளவிகள் வெளியே பறந்ததால் செத்தன. அடிப்பதை நிறுத்தியதும் குளவிகள் திரும்பின, புழு குறைந்தது. பி. ஜே. வூட் என்ற ஆய்வாளர் இதையெல்லாம் ஆராய்ந்து 1968இல் நூலே எழுதினார். இன்று தோட்டப் பாதையோரம் துர்னேரா செடி நடுவது அந்தக் குளவிகளுக்குப் பூந்தேன் கிடைக்கத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மருந்து டின்னை முதுகில் சுமந்தவர்களில் பலர் நம் அம்மாக்களும் பாட்டிகளும். தேவையில்லாமல் அடித்த மருந்து அவங்க மூச்சிலும்தான் போச்சு. அகிம்சை பூச்சியோடு நிற்பதில்லை. மருந்து அடிப்பவரையும் காக்கும்.

பயிற்சி: வீட்டுக் கத்தரிச் செடியின் இலையைத் திருப்பிப் பாருங்க. அசுவினியோடு பொறிவண்டும் இருந்தா ஒரு வாரம் மருந்து அடிக்காம விடுங்க. தினமும் இரண்டையும் எண்ணி எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாங்க.