அறுபதுக்கு மேல் சுரஞானம் வருமா?

கேள்வி: எனக்கு 63 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படிக்கும் பிள்ளைகள் சங்கராபரணமா, கல்யாணியா என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. இந்த வயதில் காது பழகாதோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: நன்றாகப் பழகும். வயதைச் சொல்லி யாராவது வகுப்பை விடச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அம்மா. இரண்டு ராகத்துக்கும் மத்யமம் ஒன்றில்தான் வித்தியாசம். முழுக் கீர்த்தனையையும் கேட்டு அதைப் பிடிக்கப் பார்த்தால் திணறத்தான் செய்யும். தம்புராவைப் போட்டுக்கொண்டு க-ம-ப மட்டும், கமகம் இல்லாமல், நிறுத்திப் பாடுங்கள். சுத்த மத்யமம் காந்தாரத்தை ஒட்டி நிற்கும். பிரதி மத்யமம் பஞ்சமத்தை ஒட்டிக்கொள்ளும். அந்த நெருக்கம் காதில் பட்டுவிட்டால் ராகத்தின் பெயர் தானாக வரும்.

பயிற்சியால் முதியவர்களின் புலனும் கூர்மையாகும் என்று 1986இலேயே பால், செகுலர் என்ற ஆய்வாளர்கள் கண் சோதனைகளில் காட்டிவிட்டார்கள். 2014இல் வதனபே என்ற ஆய்வாளரின் குழுவினர் இன்னொன்று கண்டார்கள்: தேவையானதோடு, தள்ள வேண்டியதையும் முதியவர்கள் சேர்த்துக் கற்றுவிடுகிறார்கள். சோதித்தது கண்ணைத்தான். ஆனால் வகுப்பில் நான் அன்றாடம் பார்ப்பதும் இதுவே. பெரியவர்களுக்குக் கற்கும் சக்தி குறைவதில்லை, வேண்டாததை ஒதுக்குவதுதான் சிரமம். அப்படியிருக்க டி.வி. ஓடும் கூடத்தில் உட்கார்ந்து சாதகம் செய்கிறார்களே, எத்தனை முறை சொல்வது! கதவைச் சாத்துங்கள். செல்போனை வேறு அறையில் வையுங்கள். கூடவே பாடும் ஒலிப்பதிவும் வேண்டாம். தம்புராவும் உங்கள் குரலும் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: வேலை நாளில் நேரமில்லை. ஞாயிறு மூன்று மணி நேரம் சேர்த்துப் பாடினால் போதுமா?
– வங்கி ஊழியர், திருச்சி

பதில்: போதாது. தினமும் இருபது நிமிடம் பாடுங்கள், இரவில் நன்றாகத் தூங்குங்கள். பழகியது படிவதற்குத் தூக்கமும் வேண்டும்.

கேள்வி: சுருதிப்பெட்டி இல்லாமலே ‘இது ஒன்றரைக் கட்டை’ என்று சொல்லும் திறமை 45 வயதில் வருமா?
– வாசகர், மதுரை

பதில்: அநேகமாக வராது. அது பெரும்பாலும் ஆறேழு வயதுக்குள் இசை தொடங்கியவர்களில் சிலருக்கு அமைவது. நம் சங்கீதத்துக்கு அது தேவையும் இல்லை. எந்தக் கட்டையில் வைத்தாலும் ஸட்ஜம் ஸட்ஜம்தான். அதிலிருந்து மற்ற சுரங்களை அளக்கப் பழகுங்கள், அது எந்த வயதிலும் வரும்.

கேள்வி: 71 வயது. பேச்சே சரியாகக் கேட்பதில்லை. பாட்டு கற்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கற்கலாம், பயப்படாதீர்கள். முதலில் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதுமையில் முன்னால் மங்குவது மிக உயர்ந்த ஒலிகள், அதனால்தான் பேச்சில் ச, த தெளிவில்லாமல் போகின்றன. சுரங்களின் ஆதார ஒலி பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கிறது. காதுக்கருவி போட்டால் பாட்டுக்கென்று தனி அமைப்பு வைக்கச் சொல்லுங்கள். பேச்சுக்கு வைத்த அமைப்பில் தம்புரா நாதம் நடுங்கிக் கேட்கலாம்.